பெல்ட்டைக் கடைசியில் வாங்குங்கள்

பழைய கார், புதிய உயிர் – 17

அம்பாசடரின் பானெட்டைத் திறந்தால் ரேடியேட்டருக்குப் பின்னால், எஞ்சினின் முகப்பில் கறுப்பாக ஒரு பெல்ட் தெரியும். வாட்டர் பம்ப்பைச் சுற்றுவது அதுதான். பம்ப்பின் அச்சிலேயே பூட்டியிருக்கும் ஃபேனைச் சுற்றுவதும், பேட்டரிக்கு கரண்ட் தரும் டைனமோவைச் சுற்றுவதும் அதுதான். அது அறுந்தால் மூன்றும் ஒன்றாக நின்றுவிடும். எஞ்சின் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல ஓடிக்கொண்டிருக்கும். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்து உடனே ஓரம் கட்டினால் பிழைத்தோம். பார்க்காமல் மேலும் சில கிலோமீட்டர் ஓட்டினால் தண்ணீர் கொதித்து, ஹெட் கேஸ்கெட் போய், சிலிண்டர் ஹெட்டும் வளைந்துவிடும். சில நூறு ரூபாய்ப் பொருள் அறுந்ததற்குப் பல ஆயிரம் ரூபாய் செலவு.

கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் காரில் இதற்கு வழி எளிது. பெல்ட்டின் எண் கையேட்டில் இருக்கும். கடையில் அதைச் சொன்னால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். நாம் கை வைத்து மாற்றிய எஞ்சினுக்கு அப்படி ஓர் எண் எந்தக் கையேட்டிலும் கிடையாது. டைனமோ இருந்த இடத்தில் ஆல்டர்னேட்டர் ஏறிவிட்டாலோ, ஏ.சி. கம்ப்ரஸர் புதிதாக வந்து உட்கார்ந்துவிட்டாலோ பழைய எண் அப்போதே செல்லாததாகிவிடுகிறது. புதிய எண்ணை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பல பட்டறைகளில் நடப்பது வேறு. கடையிலிருந்து நான்கைந்து பெல்ட்டுகளை வாங்கி வந்து, ஒவ்வொன்றாக மாட்டிப் பார்ப்பார்கள். ஏதோ ஒன்று உட்கார்ந்துவிடும். வண்டி கிளம்பிப் போய்விடும். கொஞ்ச நாளில் காலை ஸ்டார்ட்டிங்கில் கீச்சென்று கத்தும், பிறகு ஒருநாள் அறும். “பெல்ட் டூப்ளிகேட் போல இருக்கு சார்” என்பார் மெக்கானிக். பெரும்பாலான நேரங்களில் பெல்ட்டின் மேல் குற்றமே இருக்காது. புல்லிகள் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா, ஒவ்வொரு புல்லியையும் பெல்ட் எவ்வளவு தூரம் சுற்றிப் பிடித்திருக்கிறது, இறுக்குவதற்கு இடம் மிச்சம் இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் தெரிந்த பிறகுதான் நான்காவதாக நீளம் வருகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்குவதுதான் தவறு.

எஞ்சினில் எது மாறுகிறது

அம்பாசடரையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசைக் காரிலிருந்து பிறந்து, 2014 வரை உத்தர்பாராவில் தயாரான இந்தக் காரில் பல்லாண்டு காலம் இருந்தது 1,489 சி.சி. பி-சீரிஸ் பெட்ரோல் எஞ்சின். அதன் அமைப்பு எளிமையானது. கீழே கிராங்க் புல்லி, மேலே வாட்டர் பம்ப், பக்கத்தில் டைனமோ என்று முக்கோணமாக மூன்று புல்லிகளும் ஒரே ஒரு வி-பெல்ட்டும் இருக்கும்.

அந்தக் காலத்து லூகாஸ் சி40 டைனமோவின் உச்ச அளவு 22 ஆம்பியர். ஏறத்தாழ 300 வாட். ஹெட்லைட், வைப்பர், ஹாரன் ஆகியவற்றுக்கு அது போதும். ஏ.சி. புளோயர், எலக்ட்ரிக் ஃபேன், ஹாலோஜன் விளக்கு, போன் சார்ஜர் எல்லாம் சேரும்போது போதாது. அதனால்தான் பழைய கார் வைத்திருப்பவர்கள் முதலில் ஆல்டர்னேட்டருக்கு மாறுகிறார்கள். 65 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் முழு வீச்சில் ஓடினால் சுமார் 900 வாட் தரும். அதன் செயல்திறன் 55 முதல் 60 சதவீதம் என்று வைத்தால், பெல்ட் வழியாக அது இழுத்துக்கொள்ளும் சக்தி 1.6 கிலோவாட்டுக்கு அருகில் வரும். டைனமோ கேட்டது அரை கிலோவாட்டைச் சுற்றி. அதாவது பெல்ட்டின் சுமை மூன்று மடங்கு ஆகிவிட்டது. இதோடு ஏ.சி. கம்ப்ரஸர் வந்தால், மே மாத நண்பகலில் அது மட்டுமே 3 கிலோவாட்டுக்கு மேல் கேட்கும்.

வேகத்தையும் பாருங்கள். கிராங்க் புல்லியின் விட்டம் 130 மி.மீ. என்று கொள்வோம். நெடுஞ்சாலையில் எஞ்சின் 3,000 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது பெல்ட் ஒரு நொடிக்கு 20 மீட்டர் ஓடுகிறது. பெல்ட்டின் நீளம் ஒரு மீட்டர் என்றால் நொடிக்கு 20 சுற்று. மூன்று புல்லிகளில் வளைந்து நிமிர்வதால் பெல்ட்டின் ஒவ்வொரு அங்குலமும் நொடிக்கு 60 முறை மடங்குகிறது. எஞ்சின் சூட்டில், தூசியில், மணிக்கணக்காக. இப்படி உழைக்கும் பொருளைக் குத்துமதிப்பாகத் தேர்ந்தெடுக்கலாகாது.

பிடிப்பு எங்கிருந்து வருகிறது

வி-பெல்ட் புல்லியின் அடியில் உட்காருவதில்லை. அதன் இரண்டு சாய்ந்த பக்கங்களும் பள்ளத்தின் இரண்டு சுவர்களில் மரத்தில் அடித்த ஆப்பைப் போல இறுகுகின்றன. அந்த இறுக்கத்தில்தான் முழுப் பிடிப்பும் இருக்கிறது. 1917இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஜான் கேட்ஸ் ரப்பர் வி-பெல்ட்டை உருவாக்கினார். தட்டையான தோல் பெல்ட்டும் கயிறும் செய்துவந்த வேலையை அது எடுத்துக்கொண்டது இந்த ஆப்புக் குணத்தால்தான்.

கணக்கில் பார்த்தால் வியப்பாக இருக்கும். ரப்பருக்கும் உலோகத்துக்கும் இடையிலான உராய்வுக் கெழுவை 0.3 என்று வைத்துக்கொள்வோம். தட்டைப் பெல்ட் ஒன்று புல்லியைப் பாதி வட்டம், அதாவது 180 டிகிரி, சுற்றியிருந்தால் இழுக்கும் பக்கத்தின் விசை, தளர்ந்த பக்கத்தைப்போல் சுமார் 2.6 மடங்கு வரை போகலாம். அதற்கு மேல் வழுக்கும். அதே பிடிப்பில் 36 டிகிரி பள்ளத்தில் வி-பெல்ட் ஓடினால் 21 மடங்கு வரை தாங்கும். ஆனால் சுற்றும் கோணம் 180இலிருந்து 120 டிகிரியாகக் குறைந்தால் அந்த 21 ஏழரையாகச் சரிந்துவிடும். 90 டிகிரியில் நாலரைதான். கோணத்தில் பாதி போனால் பிடிப்பில் முக்கால் பங்குக்கு மேல் போய்விடுகிறது.

பள்ளத்தின் அடிப்பகுதி பளபளவென்று மின்னினால் புல்லி தேய்ந்துவிட்டது என்று பொருள். பெல்ட் சுவர்களை விட்டு அடியில் உட்கார ஆரம்பித்திருக்கிறது, ஆப்பு போய்விட்டது. அந்தப் புல்லியில் எந்தப் புதுப் பெல்ட்டைப் போட்டாலும் வழுக்கத்தான் செய்யும். சரியான பெல்ட்டின் மேல்பரப்பு புல்லியின் விளிம்புக்குச் சமமாகவோ ஒரு மயிரிழை மேலேயோ நிற்க வேண்டும். 13 மி.மீ. அகலப் பள்ளத்தில் 10 மி.மீ. பெல்ட்டைப் போட்டு “உள்ளே போகுதே” என்று திருப்திப்படுவது, பெல்ட்டே இல்லாமல் ஓட்டுவதற்கு அடுத்த நிலை.

360 டிகிரிப் பங்கீடு

மாற்றியமைத்த எஞ்சினுக்கு வரைபடம் போடுகிறவர்கள் மனதில் வைக்க வேண்டிய ஒரு விதி உண்டு. எல்லாப் புல்லிகளும் பெல்ட் வளையத்தின் உள்பக்கமே இருந்தால், அவை சுற்றிப் பிடிக்கும் கோணங்களின் கூட்டுத்தொகை எப்போதும் 360 டிகிரிதான். இரண்டு புல்லி என்றால் ஆளுக்கு ஏறக்குறைய 180. மூன்று என்றால் சராசரி 120. நான்கு என்றால் 90. புல்லிகளை எப்படி இடம் மாற்றினாலும் இந்தக் கூட்டுத்தொகை மாறாது. ஒன்றுக்குக் கூட்டினால் மற்றொன்றுக்குக் குறையும்.

“இருக்கிற பெல்ட்டிலேயே கம்ப்ரஸரையும் கோத்துவிடலாம்” என்ற யோசனை வி-பெல்ட் எஞ்சினில் ஏன் எடுபடாது என்பது இப்போது புரியும். கம்ப்ரஸர் நான்காவதாக உள்ளே வந்தால் ஆல்டர்னேட்டரின் சிறிய புல்லிக்குக் கிடைக்கும் பங்கு 90 டிகிரிக்கும் கீழே போகலாம். சுமை மூன்று மடங்கு, பிடிப்போ முன்பைவிடக் குறைவு. அது கத்தாமல் என்ன செய்யும்? கம்ப்ரஸருக்குத் தனிப் பெல்ட், கிராங்க் புல்லியில் அதற்கென்று இரண்டாவது பள்ளம் என்பதுதான் சரியான வழி.

இந்த 360 கட்டுப்பாட்டிலிருந்து தப்பிக்க ஒரு வழிதான் உண்டு. பெல்ட்டின் முதுகை வெளியிலிருந்து ஒரு புல்லி உள்நோக்கி அழுத்தினால், அது எத்தனை டிகிரி அழுத்துகிறதோ அத்தனை டிகிரி உள்ளே இருப்பவற்றுக்குக் கூடுதலாகக் கிடைக்கும். இன்றைய கார்களில் ஒரே பெல்ட் பாம்புபோல வளைந்து வளைந்து ஆறேழு புல்லிகளைச் சுற்றுவது இதனால்தான் சாத்தியமாகிறது. 1979ஆம் ஆண்டின் ஃபோர்டு மஸ்டாங்கில் இப்படி ஒற்றைப் பெல்ட் வந்தது. அதற்கு வேண்டியது மெல்லிய, முதுகுப் பக்கமும் தயங்காமல் வளையும், உள்பக்கம் வரிவரியாக இருக்கும் பாலி-வி பெல்ட். தடித்த பழைய வி-பெல்ட்டை முதுகுப்பக்கமாக வளைத்தால் சீக்கிரமே வெடிப்பு விடும். ஆகவே வி-பெல்ட்டில் இப்படி முதுகை அழுத்தும் ஐட்லர் புல்லி வைப்பதைக் கூடியவரை தவிருங்கள். வைத்தே ஆகவேண்டுமென்றால் பெரிய விட்டத்தில் வையுங்கள்.

ஐட்லரை எந்தப் பக்கம் வைப்பது? எஞ்சினை முன்னாலிருந்து பார்த்தால் கிராங்க் கடிகாரச் சுற்றில் சுழல்கிறது. பெல்ட் கிராங்க் புல்லியை நோக்கி வரும் பக்கம் இழுவைப் பக்கம், அங்கே இறுக்கம் அதிகம். கிராங்க்கை விட்டுப் போகும் பக்கம் தளர்ந்த பக்கம். ஐட்லரும், பெல்ட்டை இறுக்கும் டென்ஷனரும் அந்தத் தளர்ந்த பக்கத்துக்கே உரியவை. இழுவைப் பக்கத்தில் வைத்தால் கம்ப்ரஸரின் கிளட்ச் ஒவ்வொரு முறை கடிக்கும்போதும் அந்த அடி முழுவதும் ஐட்லர் பேரிங் மேல் விழும்.

பிராக்கெட்டும் நேர்கோடும்

கம்ப்ரஸர் பிராக்கெட் எஞ்சின் பிளாக்கோடுதான் பூட்டப்பட வேண்டும். சேசிஸிலோ பாடியிலோ பூட்டக்கூடாது. எஞ்சின் ரப்பர் மவுண்ட்டில் நிற்கிறது. கியர் மாற்றும்போதும் ஆக்ஸிலரேட்டரை விடும்போதும் அது அசைகிறது. கம்ப்ரஸர் அசையாமல் நின்று எஞ்சின் மட்டும் அசைந்தால் பெல்ட் ஒரு நொடி தொய்ந்து அடுத்த நொடி விறைக்கும். எவ்வளவு நல்ல பெல்ட்டும் அதைத் தாங்காது.

பிராக்கெட் தகடு மெல்லியதாக இருந்தால் வேறொரு வகையில் ஏமாற்றும். பெல்ட் போடாமல் பார்க்கும்போது புல்லி நேராக நிற்கும். பெல்ட்டை இறுக்கியதும் தகடு வளைந்து புல்லி முன்பக்கம் சாயும். அதனால் நேர்கோடு பார்ப்பதை இரண்டு முறை செய்ய வேண்டும். ஒன்று பெல்ட் போடுவதற்கு முன், மற்றொன்று முழுதாக இறுக்கிய பின்.

நேர்கோடு பார்க்க நீளமான இரும்பு ஸ்கேல் அல்லது இழுத்துப் பிடித்த நூல் போதும். ஒன்றைக் கவனியுங்கள். புல்லியின் விளிம்பை வைத்துப் பார்த்தால் தவறிவிடும். ஒவ்வொரு புல்லியின் விளிம்புத் தடிமனும் வெவ்வேறாக இருக்கும். பார்க்க வேண்டியது பள்ளத்தின் நடுக்கோட்டை. ஒவ்வொரு புல்லியிலும் பள்ளத்தில் பொருந்தும் ஒரே அளவுத் தண்டைச் செருகி, அதன் முகத்தை வைத்து அளந்தால் துல்லியமாக வரும்.

எவ்வளவு விலகலாம்? வி-பெல்ட்டுக்கு அரை டிகிரி வரை பொறுக்கலாம். இரண்டு புல்லிகளுக்கு இடையே 250 மி.மீ. தூரம் என்றால் அது 2 மி.மீ. சொச்சம். பாலி-வி பெல்ட்டுக்கு மூன்றில் ஒரு டிகிரி, அதாவது ஒன்றரை மி.மீ. கூட இல்லை. நம் பட்டறைக் கணக்கில் அரை நூல் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலகல் இருவகை. புல்லி மொத்தமாக முன்னோ பின்னோ தள்ளி நிற்பது ஒன்று. இதை வாஷர், ஷிம் வைத்துச் சரிசெய்யலாம். புல்லியின் முகமே சாய்ந்து நிற்பது மற்றொன்று. இதற்கு வாஷர் உதவாது. பிராக்கெட்டின் ஓட்டையையோ ஆல்டர்னேட்டர் காதில் உள்ள தேய்ந்த புஷ்ஷையோதான் திருத்த வேண்டும்.

டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் வைக்கும்போது இந்த இரண்டும் சேர்ந்தே வரும். டைனமோ நீளமான உருளை, ஆல்டர்னேட்டர் குட்டையானது. டைனமோவின் பின்காது உட்கார்ந்த பிராக்கெட்டுக்கும் ஆல்டர்னேட்டரின் பின்காதுக்கும் இடையில் இடைவெளி விழும். அந்த இடைவெளியை அப்படியே விட்டுவிட்டு போல்ட்டை முறுக்கினால் அலுமினியக் காது ஒடியும். லேத்தில் அளவாகக் கடைந்த ஸ்பேசர் ஒன்றை இடையில் வைத்து, புல்லியின் நடுக்கோடு சரியான பிறகே போல்ட்டை இறுக்க வேண்டும்.

பழைய டைனமோவின் புல்லியை ஆல்டர்னேட்டரில் மாட்டுவதையும் விட்டுவிடுங்கள். டைனமோவில் முழு மின்சாரமும் சுழலும் பாகத்தில் உற்பத்தியாகி, காமுடேட்டர் வழியாக வெளியே வருகிறது. மிகை வேகம் அதற்கு ஆகாது. ஆகவே அதற்குப் பெரிய புல்லி போட்டார்கள். ஆல்டர்னேட்டரின் சுழலும் பாகத்தில் சில ஆம்பியர் மட்டுமே ஓடுகிறது, வேகத்தையும் தாங்கும். கிராங்க் புல்லி 130, டைனமோ புல்லி 80 என்று வைத்தால் விகிதம் 1.6. எஞ்சின் ஐட்லிங்கில் 700 ஆர்.பி.எம். என்றால் ஆல்டர்னேட்டர் 1,140இல் சுற்றும். அந்த வேகத்தில் அது சார்ஜ் செய்யத் திணறும். 65 மி.மீ. புல்லி போட்டால் விகிதம் 2 ஆகி ஐட்லிங்கில் 1,400 வரும். எஞ்சின் 5,000 தொட்டாலும் ஆல்டர்னேட்டர் 10,000தான். பெரும்பாலான ஆல்டர்னேட்டர்களுக்கு அது பாதுகாப்பான எல்லைக்குள் இருக்கிறது. புல்லியைச் சிறிதாக்கிவிட்டோம் என்பதால் பெல்ட்டின் நீளமும் குறையும். பழைய பெல்ட் எண் செல்லாது என்று முதலில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிராங்க் புல்லியில் இரண்டாவது பள்ளம் சேர்க்கும்போது, இருக்கும் புல்லியின் மேல் வளையத்தை வெல்டிங் செய்யாதீர்கள். சூட்டில் புல்லி கோணும், சமநிலை கெடும். சில எஞ்சின்களில் கிராங்க் புல்லிக்குள் ரப்பர் வளையம் ஒன்று இருக்கும். கிராங்க் தண்டின் முறுக்கு அதிர்வை விழுங்குவது அதன் வேலை. வெல்டிங் சூடு பட்டால் அது தீய்ந்துபோகும். இரண்டு பள்ளத்தோடு ஒரே துண்டாகக் கடைந்த புல்லியோ, போல்ட் போட்டு மையம் பிசகாமல் இணைத்த புல்லியோதான் நம்பத்தகுந்தது.

நீளம் எடுக்கும் முறை

இப்போது எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. இனிமேல்தான் அளவெடுக்க வேண்டும்.

ஆல்டர்னேட்டரோ கம்ப்ரஸரோ நகரும் பள்ளத்தை மூன்று பங்காகப் பிரியுங்கள். எஞ்சினை ஒட்டிய முனையிலிருந்து ஒரு பங்கு வெளியே தள்ளி நிறுத்துங்கள். உள்பக்கம் இருக்கும் ஒரு பங்கு, பெல்ட்டை வலிக்காமல் ஏற்றுவதற்கு. வெளிப்பக்கம் இருக்கும் இரண்டு பங்கு, இறுக்குவதற்கும் பெல்ட் நாளடைவில் நீள்வதற்கும்.

இரண்டு புல்லி மட்டும் உள்ள கம்ப்ரஸர் பெல்ட்டுக்குக் கணக்கு இப்படி. இரு அச்சுகளுக்கும் இடையிலான தூரத்தை இரண்டால் பெருக்குங்கள். இரு புல்லிகளின் வெளிவிட்டங்களைக் கூட்டி 1.57ஆல் பெருக்கி அதோடு சேருங்கள். விட்டங்களின் வித்தியாசத்தைத் தன்னாலேயே பெருக்கி, அச்சுத் தூரத்தின் நான்கு மடங்கால் வகுத்து, அதையும் சேருங்கள். கிராங்க் புல்லி 140, கம்ப்ரஸர் புல்லி 120, அச்சுத் தூரம் 300 மி.மீ. என்றால்: 600 + 408.2 + 0.3. ஏறக்குறைய 1,009 மி.மீ. பெல்ட்டின் மேல்பரப்பு விளிம்போடு சமமாக நிற்பதால், வெளிவிட்டத்தை வைத்துப் போட்ட இந்தக் கணக்கு பெல்ட்டின் வெளிநீளத்தையே தருகிறது.

கடையில் 1,009 கிடைக்காது. 1,000 கிடைக்கும், 1,025 கிடைக்கும். எதை எடுப்பது? நகரும் பள்ளம் 30 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நாம் அளந்த இடம் உள்முனையிலிருந்து 10 மி.மீ. தள்ளி. இரண்டு புல்லிகளுக்கு இடையில் கம்ப்ரஸர் ஒரு மி.மீ. நகர்ந்தால் பெல்ட்டுக்கு இரண்டு மி.மீ. வேண்டும். 1,000 எடுத்தால் கம்ப்ரஸர் உள்முனையிலிருந்து ஐந்தரை மி.மீ.யில் நிற்கும். அந்த இடைவெளியில் பெல்ட்டை விளிம்பு தாண்டி ஏற்ற முடியாது, ஸ்க்ரூடிரைவரால் நெம்ப வேண்டி வரும். 1,025 எடுத்தால் 18 மி.மீ.யில் நிற்கும். எளிதாக ஏறும், இறுக்க இன்னும் 12 மி.மீ. மிச்சம் இருக்கும். எனவே 1,025.

மூன்று புல்லி உள்ள ஆல்டர்னேட்டர் பெல்ட்டுக்குச் சூத்திரம் தேவையில்லை. அதே அகலமுள்ள பழைய பெல்ட் ஒன்றை, நீளம் போதுமானதாகப் பார்த்து, குறுக்கே வெட்டிக்கொள்ளுங்கள். அதை மூன்று புல்லிகளையும் சுற்றிப் பள்ளத்தில் நன்றாக அமர்த்தி, முனை மேல் முனை வரும் இடத்தில் சாக்பீஸால் குறியிடுங்கள். கழற்றி நேராக நீட்டி வெளிமுதுகை அளந்தால் வெளிநீளம் கிடைத்துவிடும். நூலை வைத்து அளப்பவர்கள் அது பள்ளத்தின் அடிக்கு இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இறங்கினால் அளவு பல சென்டிமீட்டர் குறைவாக வரும்.

எண்ணை வாசிப்பது

“ஏவிஎக்ஸ் 13 × 1025” என்றால் மேல் அகலம் 13 மி.மீ., வெளிநீளம் 1,025 மி.மீ. “6 பிகே 1200” என்றால் ஆறு வரி கொண்ட பாலி-வி பெல்ட், நீளம் 1,200 மி.மீ. வரிக்கும் வரிக்கும் 3.56 மி.மீ. இடைவெளி என்பதால் ஆறு வரியின் அகலம் ஏறத்தாழ 21 மி.மீ.

பம்ப்செட்டுக்கும் மாவு மில்லுக்கும் போடும் ஏ-பிரிவு பெல்ட்டிலும் மேல் அகலம் 13 மி.மீ.தான். “ஏ 42” என்று எழுதியிருக்கும். அது 42 அங்குல உள்நீளம். பெல்ட்டின் தடிமன் 8 மி.மீ. என்பதால் உள்நீளத்துக்கும் வெளிநீளத்துக்கும் 50 மி.மீ. வித்தியாசம், ஏறக்குறைய 2 அங்குலம். உள்நீளத்தையும் வெளிநீளத்தையும் குழப்பிக்கொண்டால் அளந்த உழைப்பு அத்தனையும் வீண். அளவு பொருந்தினாலும் மில் பெல்ட்டைக் காருக்குப் போடாதீர்கள். பெரிய புல்லியில் ஒரே சீரான வேகத்தில் ஓடுவதற்கானது அது. 65 மி.மீ. புல்லியில் நொடிக்குப் பல பத்து முறை வளைவதற்கு உள்பக்கம் பல் வெட்டிய, பக்கவாட்டில் துணி சுற்றாத வாகனப் பெல்ட்தான் வேண்டும். நல்ல பெல்ட்டுக்காக வெகுதூரம் போக வேண்டியதில்லை. மதுரை கோச்சடையில் ஃபென்னர் ஆலை பல தலைமுறைகளாகப் பெல்ட் தயாரித்து வருகிறது.

மாட்டுவதும் இறுக்குவதும்

பேட்டரி கேபிளைக் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ஆல்டர்னேட்டரை முழுவதும் உள்ளே தள்ளி, பெல்ட்டைக் கையாலேயே ஏற்றுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஏற்றினால் பெல்ட்டுக்குள் இருக்கும் இழைக்கயிறு அறும். வெளியே ஒரு கீறலும் தெரியாது. சில வாரம் கழித்து, ஓடும்போது பெல்ட் ஒருபக்கமாகப் புரண்டு வெளியே வரும்போதுதான் தெரியும்.

இறுக்க நெம்புகோல் போடுவதானால் ஆல்டர்னேட்டரின் முன்மூடியில் மட்டுமே போடுங்கள். பின்மூடி மெல்லிய அலுமினியம், விரிசல் விடும். மிக நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் நன்றாக அழுத்தினால் அரை அங்குலம், அதாவது 12 அல்லது 13 மி.மீ., இறங்க வேண்டும். பி-சீரிஸ் எஞ்சினுக்குப் பழைய கையேடுகள் சொல்லும் அளவும் இதுவே. தளர்ந்தால் வழுக்கும், சூடேறிப் பக்கங்கள் கண்ணாடிபோல் ஆகும். மிகையாக இறுக்குவது அதைவிடக் கேடு. சுமை முழுவதும் வாட்டர் பம்ப் பேரிங்கிலும் ஆல்டர்னேட்டர் முன் பேரிங்கிலும் விழும். பம்ப்பின் அடியில் உள்ள சிறு ஓட்டையில் தண்ணீர் கசிய ஆரம்பித்தால், சில மாதம் முன்பு யாரோ பெல்ட்டை வீணை நரம்பாக இறுக்கியிருக்கிறார் என்று சந்தேகிக்கலாம்.

புதுப் பெல்ட் முதல் கால் மணி நேரத்திலேயே பள்ளத்தில் அமர்ந்து தளரும். அப்போது எஞ்சினை நிறுத்தி மறுபடி பாருங்கள். 500 கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு முறை. கத்தினால் மெழுகு, சோப்பு, பெல்ட் டிரெஸ்ஸிங் எதுவும் தடவ வேண்டாம். அவை சத்தத்தை மறைக்கும், காரணத்தை அப்படியே விட்டுவிடும். எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது எட்ட நின்று பெல்ட்டின் உள்பக்கம் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சத்தம் கொஞ்ச நேரம் அடங்கித் திரும்பி வந்தால் நேர்கோடு தவறியிருக்கிறது. சத்தம் கூடினால் பெல்ட் வழுக்குகிறது, இறுக்கம் போதவில்லை. இதைச் செய்யும்போது துண்டு, தளர்ந்த சட்டைக் கை, கழுத்துச் சங்கிலி எதுவும் பெல்ட் பக்கம் போகக்கூடாது.

பெல்ட் எண்ணைத் தேடுவதற்கு முன் நேர்கோடு, சுற்றும் கோணம், நகரும் இடம் இந்த மூன்றையும் முடித்துவிடுங்கள். அதன்பின் கிடைத்த எண்ணை ஒரு ஸ்டிக்கரில் எழுதி பானெட்டின் உள்பக்கம் ஒட்டுங்கள். மாற்றியமைத்த உங்கள் எஞ்சினுக்கு உள்ள ஒரே கையேடு அதுதான். அதே எண்ணில் இன்னொரு பெல்ட்டையும், அதை மாட்டத் தேவையான இரண்டு ஸ்பேனர்களையும் டிக்கியில் போட்டு வையுங்கள். நடுவழியில் நின்றால், அந்த எண் தெரியாத எந்தக் கடைக்காரராலும் உங்களுக்கு உதவ முடியாது.